ஒன்றும் ஆகாதவள்

போன வாரம் எங்கள் வங்கிக் கிளைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்டர் தின்னர் டப்பாவின் மூடியைத் திருகினார். அடுத்து எனக்கு நினைவிருப்பது, வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்ததுதான். கையில் யாருடைய பாஸ்புக்கோ இருந்தது. அதன் சொந்தக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்னம்மா, எம் பாஸ்புக்கத் தூக்கிக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?"

தலைவலி என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்குத் தலைவலி வருவதே இல்லை. வேதியியல் படித்ததால் வந்த வினை இது. உங்களிடம் சொல்வதற்கென்ன, சொல்லிவிடுகிறேன்.

நம்புவீர்களோ இல்லையோ, ஒரு காலத்தில் இந்த மாதிரி வாசனைகள் என்றால் எனக்கு அவ்வளவு இஷ்டம். எம்.எஸ்ஸி. படித்த நாட்களில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததுமே இன்றைக்கு எந்த வகுப்பு என்ன செய்கிறது என்று மூக்கை வைத்துச் சொல்லிவிடுவேன். பழவாசம் வந்தால் யாரோ எஸ்டர் தயாரிக்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் முதலாமாண்டுப் பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வு செய்கிறார்கள். அந்த முட்டை நாற்றம் துப்பட்டாவில் ஏறிவிட்டால் வீடு போகும்வரை இறங்காது. டவுன் பஸ்ஸில் நாங்கள் ஏறியதும் பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போவார்கள். "யாருப்பா அது முட்டைக் கூடையோட ஏறுனது?" என்று கண்டக்டர் கத்துவார். நாங்கள் ரொம்ப அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு, காலியான இடத்தில் உட்கார்ந்துகொள்வோம்.

நாங்கள் என்றால் நானும் ரேணுகாவும். ரேணுகாவின் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். அவள் அப்பா நெசவுக்காரர்களுக்குப் பட்டுநூல் சாயம் போட்டுக் கொடுப்பவர். அடுப்பின் மேல் கொதிக்கும் அண்டாவில் நூலை முக்கி எடுத்து எடுத்து, அவர் கைகள் முழங்கை வரைக்கும் அன்றைய நிறத்தில் இருக்கும். மதுரை தல்லாகுளத்தில் ஒரு அரசாங்கக் குமாஸ்தாவின் மகளான நான், அவள் வீட்டுக்குப் போன முதல் நாள் அவர் நீட்டிய காப்பி டம்ளரை வாங்கத் தயங்கினேன். கை ஊதா நிறத்தில் இருந்தது.

வெளிநாட்டில் பிஎச்டி என்ற எண்ணம் அவளுக்குத்தான் முதலில் வந்தது. நூலகத்தில் ஒரு அமெரிக்க ஆய்விதழைப் புரட்டிக்கொண்டிருந்தவள், சாய மூலக்கூறு துணியிழையை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்ற கட்டுரையைப் பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினாள். "ஏய், இங்க பாருடி. எங்கப்பா செய்யுற வேலைக்கு அங்க ஒரு ஆளு லேபு வச்சுருக்காருடி!"

கட்டுரையின் கீழே மின்னஞ்சல் முகவரி இருந்தது. அன்று மாலையே நெட் சென்டருக்குப் போனோம். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எப்படி எழுதுவதென்று யாருக்குத் தெரியும்? எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர்தான். அதே பாணியில், மிகவும் பணிந்து வணங்கி, ஐயா அவர்கள் கருணை கூர்ந்து எங்கள் இருவருக்கும் முனைவர் படிப்பில் இடமளித்தால் என்றென்றும் கடமைப்பட்டிருப்போம் என்று எழுதி அனுப்பினோம். காய்ச்சல் என்று சேர்க்காததுதான் பாக்கி.

பதில் வந்தது. அதுவே முதல் அதிர்ச்சி. விண்ணப்பியுங்கள், தேர்வுகளை எழுதுங்கள், பிறகு பேசுவோம் என்று நாலே வரி. அதன்பின் ஒரு வருடம் எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை. ஜி.ஆர்.இ. தேர்வுக்காக ஆங்கில அகராதியை உருப்போட்டு, பஸ்ஸில் ஒருவரையொருவர் அதிலிருந்த சொற்களால் திட்டிக்கொண்டோம். சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தோம்.

ஒருநாள் பேராசிரியரிடமிருந்து தொலைபேசியில் பேச வேண்டும் என்று செய்தி வந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் போன் கிடையாது. ரேணுகாவின் தெருமுனையிலிருந்த எஸ்.டி.டி. பூத்தின் எண்ணைக் கொடுத்தோம். நமக்குச் சாயங்காலம், அங்கே காலை. பூத்துக்கார அண்ணன், போனில் பேசுவது கேட்காதென்று ஃபேனை நிறுத்தி, பக்கத்து டீக்கடை ரேடியோவையும் நிறுத்தச் சொன்னார். "அமெரிக்காக்காரரு பேசுறாருய்யா, செத்த சும்மா இருங்க!" என்ற அவர் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சத்தமாக இருந்தது.

மணி அடித்தது. நான்தான் எடுத்தேன். ஒரு பெண் குரல். உதவியாளராக இருக்கும் என்று நினைத்து, மேடம், தயவுசெய்து சாரிடம் போனைக் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகச் சொன்னேன். "நீங்கள் ஒரு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் அந்த சார் நான்தான்" என்றது குரல். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரேணுகா என்ன என்ன என்று கையாட்டினாள். எனக்கு வியர்த்து ஊற்றியது.

அடுத்து அந்த அம்மாள் கேட்டது இன்னும் மோசம். உன் ஆராய்ச்சியில் எது சரியாக வரவில்லை, அதைச் சொல் என்றார். வந்ததைச் சொல்லத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாமே நன்றாக வந்தது மேடம் என்று சொல்லிவிட்டு ரேணுகாவிடம் ரிசீவரைத் தள்ளினேன். அவளோ தன் குடுவையில் மூன்று மாதமாகத் தார் மாதிரி ஒரு பிசுபிசுப்பைத் தவிர வேறொன்றும் விளையவில்லை என்பதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இருவருக்கும் இடம் கிடைத்தது. அவளைப் பார்த்து என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். செய்தி வந்த அன்று வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கீழக்குயில்குடி போனோம். சமணர் மலைமேல் ஏறி, உச்சி வெயிலில் சுற்றிலும் விரிந்து கிடந்த வயலையும் பனையையும் பார்த்துக்கொண்டு நின்றோம். "இம்புட்டு வெயிலு அங்க கெடைக்காதுடி. இப்பவே வாங்கி வச்சுக்க" என்று ரேணுகா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். கோடை விடுமுறை தொடங்கி, கல்லூரி வெறிச்சோடிக் கிடந்தது. ரேணுகாவின் ப்ராஜெக்டில் கடைசியாக ஒரு வேலை மிச்சமிருந்தது. தாருக்கு நடுவிலிருந்து அவளுடைய பொருளைப் பிரித்தெடுக்க ஈதர் என்ற கரைப்பான் தேவைப்பட்டது. மேசையிலிருந்த குப்பி தீர்ந்துபோயிருந்ததால் ஸ்டோர் அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒரு பழுப்புக் குப்பியை எடுத்து வந்தாள். லேபிள் மங்கிப்போன பழைய சரக்கு.

"இங்க பாரேன், மூடியச் சுத்தி உப்புப் பூத்துருக்கு" என்றாள்.

நான் தொட்டியில் புனலைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பழைய ஈதரில் பெராக்சைடு உருவாகும், அது உலர்ந்து படிந்திருந்தால் மூடியைத் திருகும் உரசலே வெடிக்கப் போதும் என்று நாங்கள் இருவருமே பாடத்தில் படித்தவர்கள்தான். பரீட்சையில் பதிலும் எழுதியிருக்கிறோம். அந்தப் பாடத்துக்கும் அவள் கையிலிருந்த குப்பிக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று இருவருக்கும் தோன்றவில்லை.

சினிமாவில் வருவது போன்ற பெரிய சத்தமெல்லாம் இல்லை. தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் கேட்குமே, அந்த மாதிரி ஒரே ஒரு சத்தம். பிறகு கண்ணாடித் துண்டுகள் தரையில் விழுந்து உருளும் ஓசை. நான் திரும்பாமலே, "என்னடி ஒடச்ச?" என்று கேட்டேன்.

திரும்பியபோது அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். வலது கையைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, யாருடையதோ போல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே இருந்தன. மூக்குக் கண்ணாடி இரண்டு பக்கமும் விரிசல் விட்டிருந்தது. அந்தத் தடிமனான கண்ணாடிதான் அவள் கண்களைக் காப்பாற்றியது என்று பிறகு சொன்னார்கள். நான் என் துப்பட்டாவால் கையைச் சுற்றினேன். யார் ஆட்டோ பிடித்தார்கள், எந்த வழியாகப் போனோம், எதுவும் தெரியவில்லை. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்து, "கைய மேல தூக்கிப் பிடிங்கம்மா, மேல தூக்கிப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தது மட்டும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அவள் அப்பா ஓடிவந்தார். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் ரத்தச் சிவப்பு. அதைப் பார்த்ததும் நர்ஸ் அவர் தோளைப் பிடித்து, "இப்படி வாங்கய்யா, மொதல்ல கட்டுப் போட்ருவோம்" என்று உள்ளே இழுத்தார். அவர் தன் கைகளைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார். "இது சாயம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. எம் புள்ளைக்குத்தான்..." என்றவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு என்னைப் பார்த்த எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "நல்லவேளை, ஒனக்கு ஒண்ணும் ஆகல." ஆசிரியர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பூத்துக்கார அண்ணன், எல்லோரும். ரேணுகாவே கண் விழித்த மறுநாள் அதைத்தான் கேட்டாள். "ஒனக்கு ஒண்ணும் ஆகலல்ல?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குக்கர் விசிலடித்தால் வாசலுக்கு ஓடினேன், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய்க் குப்பியைத் திறக்க முடியாமல் தலை வாராமலே, என் ப்ராஜெக்டை முடிக்கக் கல்லூரிக்குப் போனேன். ஆய்வகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன், கால் உள்ளே போகாது.

ரேணுகாவுக்கோ வேறு கவலை. "அந்தம்மாவுக்கு மெயில் போடணும்டி. எடம் இருக்கா, இல்ல வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களான்னு கேக்கணும்." அவள் சொல்லச் சொல்ல நெட் சென்டரில் நான்தான் தட்டினேன். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். இனி இடது கையால் வேலை செய்யக் கற்றுக்கொள்வேன், கொஞ்சம் தாமதமாகும் என்றாள். மறுநாளே பதில் வந்தது. ஜனவரியில் வா, உன் மேசையில் எல்லாவற்றையும் இடது பக்கம் மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார் அந்தப் பேராசிரியர். ரேணுகா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அன்றிலிருந்து பழைய செய்தித்தாள்களின் ஓரமெல்லாம் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகினாள்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், "நான் போகலப்பா" என்றேன்.

அப்பா பேப்பரை இறக்கினார். "யாராச்சும் பையன் கியன்னு..." என்று இழுத்தார்.

"அதெல்லாம் இல்லப்பா. மூடியத் தெறக்கப் பயமா இருக்கு."

மகள் அமெரிக்கா போகிறாள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனிதர் அவர். எழுந்து அடுக்களைக்குள் போனார். நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். ஊறுகாய் ஜாடி, சீனி டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில் என்று ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திருகித் தளர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்குக் கல்யாணம் ஆகும்வரை எங்கள் வீட்டில் எதுவும் இறுக மூடியிருந்ததில்லை. சீனியில் எறும்பு வந்தது, ஊறுகாயில் பூஞ்சணம் பிடித்தது. அம்மா எறும்பைத் தட்டிவிட்டுக் காப்பி போட்டார்.

ரேணுகாவிடம் சொன்னபோதுதான் சண்டை வந்தது. "வெரலு போனவ நானே போறேன். ஒனக்கு என்னடி கேடு?" என்று கத்தினாள். காட்டுவதற்கு ஒரு கீறல்கூட என் உடம்பில் இல்லையே. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மீந்த இரண்டு விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜனவரியில் மதுரை ஜங்ஷனில் ரயிலேறும்போது, "நான் முன்னால போறேன். நீ பையப் பைய வந்து சேரு" என்றாள்.

நான் போகவில்லை. வங்கித் தேர்வு எழுதினேன். கூட்டலும் கழித்தலும் வெடிப்பதில்லை. அவள் பட்டம் வாங்கி, அங்கேயே சொந்தமாக ஆய்வகம் வைத்து, இன்று அவளிடம் பிள்ளைகள் ஆராய்ச்சி செய்கிறார்கள். வருபவர்களிடம் முதலில் பழைய குப்பிகளைப் பற்றித்தான் பேசுவாளாம்.

இரண்டு வருடம் முன்பு, அவள் அப்பாவின் காரியத்துக்கு வந்திருந்தாள். அவர் சாயம் போட்ட இடத்தில் இப்போது செல்போன் உறைகள் விற்கிறார்கள். எஸ்.டி.டி. பூத் இருந்த சுவடே இல்லை. அமெரிக்கா திரும்புவதற்கு முன்னால் கல்லூரியைப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கு மனமில்லை, ஆனாலும் போனேன்.

ஆய்வகக் கட்டடத்தை இடித்துவிட்டிருந்தார்கள். மேலே தகரக் கூரை போட்டு, மாணவர்களின் ஸ்கூட்டிகளும் பைக்குகளும் வரிசையாக நின்றன. நான் கிழக்கு மேற்குப் பார்த்து, கதவு இருந்த இடத்தையும் தொட்டி இருந்த இடத்தையும் அவளுக்குக் காட்டினேன். "இங்கதான் நீ நின்ன" என்றேன். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நாங்கள் ஒரு முறைகூடப் பேசியதில்லை. அவளுக்கு வலிக்குமென்று நான் கேட்டதே இல்லை.

ரேணுகா அந்தச் சிமெண்டுத் தரையைப் பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்குக் காலைல பஸ்ஸுல வந்தது ஞாபகம் இருக்குடி. அப்புறம் ஆஸ்பத்திரி ஃபேன் ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல. சத்தம்கூடக் கேட்ட ஞாபகம் இல்ல. எப்படிடி இருந்துச்சு அது?"

எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஒரு மாணவி வந்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? வண்டிய எடுக்கணும்."

நாங்கள் இருவரும் தள்ளி நின்றோம்.