மெடிக்கல் வார மாத்திரை

எங்கள் ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வருஷத்துக்கு ஒரு தரம் உடம்பைப் பரிசோதிக்கும் மெடிக்கல் வரும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு அது கொஞ்சம் பெரிய பரீட்சை. பிரஷர் அதிகம் என்று எழுதிவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு பேக்கிங்கில் நிறுத்திவிடுவார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டவா இத்தனை காலம் வண்டி ஓட்டினேன் என்ற வீறாப்பு எனக்கு. அதனால் ஊரோடு ஒத்துப் போனேன். மெடிக்கல் வாரத்தில் ஒருவன் பச்சைப் பூண்டை மெல்லுவான், இன்னொருவன் ஊறுகாய் பக்கமே போகமாட்டான். என்னைப் போன்ற விவரசாலிகள் பிரஷர் மாத்திரையை அந்த வாரம் மட்டும் முழுங்குவோம். மெடிக்கல் முடிந்தால் மாத்திரையும் முடிந்தது. பரீட்சை முடிந்த பிறகு எவன் புத்தகத்தைத் தொடுவான்?

மாத்திரைக்கு நான் கம்பெனி லைனில் யாரிடமும் கை நீட்டவில்லை. நீட்டினால் சூப்பர்வைசர் காதுக்குப் போய்விடும். என் மனைவிக்குப் பிரஷர் உண்டு. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு டப்பாவில் அவளுடைய மாத்திரை அட்டை இருக்கும். மாசாமாசம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று வாங்கிவருவாள். அதிலிருந்துதான் எடுத்தேன், ஒவ்வொரு வருஷமும்.

அந்த மாசம் அவளுடைய அட்டை சீக்கிரமே காலியாகிவிடும். "ரெண்டு ரெண்டா முழுங்கிட்டேன் போல கீது. இன்னா ஆச்சுன்னே தெரியல எனக்கு" என்று விழிப்பாள். அவள் அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே யாரென்று கேட்டவர். அந்தப் பயம் அவள் வயிற்றில் இருக்கிறது என்று தெரிந்தும், "வயசாவுது இல்ல உனக்கு" என்று கிண்டல் செய்தேன். போகப் போக, கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் ஆகிவிட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷமும் மெடிக்கலில் நார்மல். ஆனால் கொஞ்ச நாளில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அவள்தான் என்னை ஸ்ரீபெரும்புதூரில் இதய ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். சட்டையைக் கழற்றி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். ஒரு பெண் முன்னால் தொந்தியைக் காட்டிக்கொண்டு கிடப்பதுதான் அன்றைக்குப் பெரிய வெட்கம் என்று நினைத்தேன்.

நெஞ்சில் ஜெல்லைத் தடவிக் கருவியை அழுத்தியதும் திரையில் என் இதயம் திறந்து திறந்து மூடியது. டாக்டர் படத்தை அப்படியே நிறுத்தி, ஒரு சுவரின் இரண்டு ஓரத்திலும் புள்ளி வைத்து அளந்தார். நம்பாதவர் போல மறுபடியும் அளந்தார்.

"இடது கீழறைச் சுவர் நல்லா தடிச்சிருக்கு" என்றார்.

"கெட்டியா இருந்தா நல்லதுதானே டாக்டர்?" என்றேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

"மூட்டை தூக்குறவங்களுக்குக் கை முறுக்கேறும் இல்ல, அந்த மாதிரி. பிரஷரை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தசை தடிச்சிடுச்சு. தடிச்ச தசை லேசுல விரியாது, ரத்தம் உள்ள வந்து நிறையறதுக்குச் சிரமப்படுது. அதான் மூச்சு வாங்குது. இது நேத்து வந்தது இல்ல, பல வருஷமா பிரஷர் இருந்திருக்கணும்."

"இல்லீங்க டாக்டர்" என்று என் மனைவி எனக்காக வாதாடினாள். "வருசா வருசம் கம்பெனில பாக்கறாங்க. நார்மல்னுதான் எழுதறாங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். எங்கள் பக்கத்து ஆட்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். "மெடிக்கலுக்கு முன்னாடி மாத்திரை ஏதாவது போட்டீங்களா? உண்மையைச் சொன்னாத்தான் மருந்து எழுத முடியும்."

இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் படம் திரையிலேயே நின்றிருந்தது. முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது? "அந்த வாரம் மட்டும்" என்றேன்.

"தினமும் போடணும். ஒழுங்கா போட்டா இந்தத் தடிப்பு கொஞ்சம் கொஞ்சமா குறையும். அப்புறம் திரும்ப எடுத்துப் பார்ப்போம்" என்று எழுதிக் கொடுத்தார். யாருடைய மாத்திரை என்று அவர் கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "ஃபிரிட்ஜ் மேல இருந்ததா?"

தலையை ஆட்டினேன்.

"வருசா வருசமா?"

அதற்கும் ஆட்டினேன். கத்துவாள், நாலு பேர் பார்க்கட்டும், எனக்கு நன்றாக வேண்டும் என்று தலை குனிந்திருந்தேன்.

"அப்போ நான் மறக்கல" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் தெளிந்திருந்தது. "எங்கம்மா மாதிரி ஆயினு வரேன்னு பயந்துகினே இருந்தேங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, இல்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.