கிற்றாருக்கு ஓர் எலும்பு

அண்ணன் செத்து நாலு மாதமாகிறது. அவனுடைய பேஸ் கிற்றார் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. தூசி துடைக்க ஏறினால் என் கண் முதலில் அந்த எலும்பில்தான் போய் நிற்கும். கிற்றாரின் கழுத்தும் தலையும் சேருமிடத்தில், நான்கு கம்பிகளும் பள்ளத்தில் பதிந்து போவதற்கென்று குறுக்கே ஒரு சின்னத் துண்டு இருக்கும். நட் என்பார்கள். சாதாரணமாக அது பிளாஸ்ரிக். இதில் மாட்டெலும்பு. அதை வாங்கிக்கொண்டு வந்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

ஒரு கச்சேரிக் குழு கலைந்தபோது அந்தக் கிற்றார் அண்ணனிடம் வந்தது. துறைமுகத்து உப்புக் காற்று அதை நன்றாகத் தின்றிருந்தது. அண்ணனுக்கும் உடம்பில் பழுது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. ஒழுங்கை முடிவு வரை நடந்தாலே உதடு நீலமாகிவிடும். கார்த்திகையில் கொழும்பில் வால்வு மாற்றும் ஒப்பரேசன் என்று திகதி கொடுத்திருந்தார்கள்.

"எனக்குச் சாமான் மாத்த முதல் இதுக்கு மாத்தி முடிப்பம்" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்பா கப்பல் வேலைக்குப் போயிருந்தார். அம்மா கந்தசஷ்டி விரதம் தொடங்கினார். ஆறு நாளும் மாலையில் கோயிலால் வந்து ஒரு தம்ளர் பால் மட்டும். யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. ஆறு நாளும் பிழையில்லாமல் போனால் அண்ணன் திரும்பி வருவான், எங்கேயாவது பிழை நடந்தால் வரமாட்டான் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். பல்லுத் தீட்டும்போதுகூட, ஏதும் பிழை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அண்ணன் கம்பி முறுக்கும் சாவிகள் நான்கையும் புதிதாகப் போட்டான். பழைய ஆணித் துளைகள் தளர்ந்திருந்ததால் நெருப்புக் குச்சிகளைப் பசை தடவி இறுக்கி, அதன்மேல் திருகினான். நட்தான் சரிவரவில்லை. பல்லுத் தூரிகையின் பிடியை வெட்டி வைத்துப் பார்த்தான். தடித்த கம்பி அதில் புதைந்து கர்ரென்று இரைந்தது. எலும்பு போட்டால் சத்தம் தெளிவாக வரும் என்று கூட்டாளி ஒருவன் சொல்லியிருந்தான்.

விரதத்தின் நாலாம் நாள் பின்னேரம் சைக்கிளில் சந்தைக்குப் போனேன். மாட்டிறைச்சிக் கடை முஸ்லிம் அண்ணரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

"என்ன புள்ள, விரத நாளில எலும்புக்கு வந்திரிக்கிறாய்?"

"நாய்க்கு, நானா."

"உங்கட ஊட்டில நாய் இல்லையே."

"இனித்தான் வளர்க்கப் போறம்."

"அப்ப எலும்பு முதல், நாய் பிறகு!" என்று கடை முழுக்கக் கேட்கச் சிரித்துவிட்டுத்தான் தந்தார். வீட்டில் இல்லாத அந்த நாய்க்குப் பதிலாக வீதி நாய்கள் மூன்று என் சைக்கிளுக்குப் பின்னால் வந்தன. அவற்றைக் கண்டு, எங்கள் ஊர் பஸ் நிலையத்தடியில் எப்போதும் மேய்ந்து திரியும் மான்கள் மிரண்டு ஓட, ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது போலிருந்தது.

அண்ணன் கிணற்றடியில் கல் அடுக்கி, பால்மாத் தகரத்தில் தண்ணீர் வைத்திருந்தான்.

"கொழுப்புப் போக நல்லா அவி. கொழுப்புப் போனால் அது எலும்பில்லையடி, சாமான். ஆனால் குசினிப் பக்கம் கொண்டு போகாத. அம்மா எனக்காகத்தான் பட்டினி கிடக்கிறா. அங்க ஒரு துளி பட்டால் இந்த வேலையே எனக்கு வேண்டாம்."

அவன் களைத்துப்போய்ப் படுத்துவிட்டான். சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பு நூர்ந்தது. அம்மா கோயிலில். நான் குசினிக்குள் ஓடி, கைக்கு அகப்பட்ட ஒரு சட்டியைக் காஸ் அடுப்பில் வைத்து எலும்பை அவித்து எடுத்தேன். சட்டியைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிக் கவிழ்த்தேன். அண்ணன் எழும்பி, எலும்பு காயும் வரைக்கும்கூடப் பொறுக்காமல், முன்னறையில் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அம்மா ஈரச் சேலையோடு வந்து, நேரே போய் அதே சட்டியை நிமிர்த்திப் பாலை ஊற்றினார்.

அவர் விரதப் பாலுக்கென்று தனியாக வைத்திருந்த சட்டி அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் அண்ணனின் வேலை நின்றுவிடும். சொல்லாவிட்டால் அம்மா குடித்துவிடுவார். குடித்தால் அண்ணன் வரமாட்டான். பால் பொங்கியது. அம்மா குனிந்து சட்டிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். பிறகு தம்ளரில் ஊற்றி வாயருகே கொண்டுபோனார்.

நான் பாய்ந்து தட்டிவிட்டேன். தம்ளர் உருண்டது. என் கை பட்டுச் சட்டியும் சரிந்தது. குசினி முழுக்கப் பால். அரமும் கையுமாக அண்ணன் வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, அந்தச் சட்டியில நான்..."

பளாரென்று கன்னத்தில் விழுந்தது.

"வாயை மூடு! பாலையும் கொட்டிப்போட்டுக் கதை வேற கதைக்கிறாய்!"

அம்மா அதற்கு முன்னர் என்னை அடித்ததேயில்லை.

"விடுங்கோ அம்மா, சின்னப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு அண்ணன் திரும்பிப் போனான். அன்றிரவு அம்மா தண்ணீர் மட்டும் குடித்தார். அடுத்த நாள் கம்பிகள் எலும்பில் ஏறின. அவன் ஒன்றைத் தட்டியதும் வீட்டுச் சுவர் அதிர்ந்தது.

அண்ணன் கொழும்பிலிருந்து திரும்பி வந்தான். பதினொரு வருசம் கலியாண வீடுகளிலும் கோயில் கச்சேரிகளிலும் அதை வாசித்தான். நான் பாலைத் தட்டிவிட்டதால்தான் அவன் தப்பினான் என்று யாருக்கும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தத் தையில் அதே இதயம் நின்றுபோனது. அன்றைக்குச் சட்டியில் பட்டதுதான் இப்போது பிடித்ததோ என்று எனக்கு நித்திரையில்லாமல் போனது. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஆட்கள் எல்லாம் போன பிறகு, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"தெரியும்" என்றார். "பால் கொதிக்கேக்கையே எலும்பு மணம் வந்தது."

"தெரிஞ்சுகொண்டே குடிக்கப் போனீங்கள்?"

"ஓம். விரதம் என்னத்துக்குப் பிடிச்சனான்? அவன் எழும்பியிருந்து ஏதும் செய்யவேணும் எண்டுதானே. முன்னறையில அராவிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தினை நாளைக்குப் பிறகு!"

"அப்ப ஏனம்மா எனக்கு அடிச்சனீங்கள்?"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் வாசல்ல நிக்கிறான். நீ வாயைத் திறந்திட்டாய். கேட்டிருந்தால் அந்த எலும்பை எறிஞ்சுபோட்டுப் போய்ப் படுத்திருப்பான்."

கொட்டின பாலுக்குத்தான் அந்த அடி என்று பத்து வயதில் நான் நினைத்திருந்தேன்.