யோகேஸ்வரி அழிக்க மறுத்த ஃபங்ஷன்

கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் மருத்துவ நிலையம். அங்கே நோயாளிகளுக்கு வரிசை இலக்கம் கொடுப்பது கவுண்டர்ப் பெண்கள் அல்ல, டேட்டாபேஸுக்குள் இருக்கும் ஒரு ஃபங்ஷன், நாலைந்து வரிக் கட்டளைத் தொகுப்பு. பதினொரு வருடமாக அதைப் பராமரிப்பவள் வெள்ளவத்தை யோகேஸ்வரி. டொக்டர்மாருக்கு அவளைத் தெரியாது. வேலை பிழைத்தால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

போன தை மாதம் அப்படித்தான் தெரிய வந்தாள். ஃபங்ஷனை அழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார் மனேஜர் நாகேந்திரம். எழுதினாள். ஆறு கவுண்டரும் வாயடைத்து நின்றன. அந்தப் பழைய டேட்டாபேஸ், கவுண்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு விடை எடுக்கும் வழியை மனப்பாடம் செய்து வைத்திருக்கும். மனப்பாடத்தில் ஃபங்ஷனின் பெயர் இல்லை, உள் இலக்கம்தான் உண்டு. அழித்து எழுதினால் பெயர் அதே, இலக்கம் வேறு; மனப்பாடமோ இல்லாமல் போன பழைய இலக்கத்தையே தேடும். பெயரை நம்பாமல் அடையாள அட்டை இலக்கத்தைப் பார்க்கும் சோதனைச்சாவடிகளில் நின்று பழகியவளுக்கு இது உடனே விளங்கியது. நாகேந்திரத்துக்கு விளங்கியது வேறு: அழித்த நேரம் ராகுகாலம். எச்சரிக்கைக் கடிதம் மட்டும் ராகுவுக்குப் போகவில்லை, அவளுக்கு வந்தது. இன்னொன்று வந்தால் வேலை இல்லை.

இப்போது எழுபது வயது தாண்டியவர்களை முன்னால் விடும்படி ஃபங்ஷனை மாற்ற வேண்டும். நாகேந்திரம் பஞ்சாங்கம் பார்த்தார். திங்கட்கிழமை, ராகு விலகி, ஒன்பதே கால். மருத்துவ நிலையத்தில் கால் வைக்க இடமில்லாத நேரம்.

“அழிச்சிட்டு எழுதும் பிள்ளை. நல்ல நேரம், ஒண்டும் நடவாது.”

“அழிக்க மாட்டன் சேர். இருக்கிறதுக்கு மேலாலை மாத்தி எழுதுறன். உள் இலக்கம் அப்பிடியே இருக்கும்.”

“சொன்னதைச் செய்யும். இல்லாட்டிக் கடிதம் வரும்.”

ஒன்பதே காலுக்கு அவர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார், கண் திரையில் அல்ல, கைக்கடிகாரத்தில். அவர் தந்த தாளின் முதல் வரி அழிக்கச் சொன்னது. அவள் அதைத் தட்டவேயில்லை. பெயர், கேட்கும் விவரம், தரும் விடையின் வடிவம் மூன்றையும் தொடாமல் உள்ளிருந்ததை மட்டும் மாற்றினாள்.

கீழே இருந்து கவுண்டர்ப் பெண் சஹ்லா தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, எழுபத்திமூணு வயசு நானா ஒருத்தருக்கு மொதல்லயே நம்பர் வந்திட்டு. இப்ப எல்லாரும் வயசைக் கூட்டிச் சொல்றாங்க.”

“பாத்தீரோ, நேரம் வேலை செய்யுது,” என்றார் நாகேந்திரம். “அழிச்சனீர்தானே?”

“இல்லை சேர். கடிதத்தை எழுதுங்கோ. சொல்லுக் கேக்கேல்லை எண்டு போடுங்கோ. ஒரு கவுண்டரும் நிக்கேல்லை எண்டும் போடுங்கோ. ரெண்டும் ஒரே கடிதத்தில வரவேணும்.”

கடிதம் எழுத நாகேந்திரத்துக்கு நல்ல நேரம் இன்னும் அமையவில்லை என்று கேள்வி.