டெஸ்டரை நீட்டிய கை

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மின்சாரத்தோடு பிழைக்கிறவனுக்கு எதற்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். மணி அடிக்கவில்லை என்றால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது, தானாக அடித்தால் எங்கோ ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கும் நான் அதே ஆள்தான். இந்த ஒன்றை மட்டும் எதிலும் சேர்க்க முடியவில்லை. சிரிப்பதாக இருந்தால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். பெங்களூரில் திருட்டு மணி மாட்டத் தெரிந்தவர்களை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். கதவிலும் ஜன்னலிலும் பித்தளைத் தகடு பொருத்தி, அதிலிருந்து மெல்லிய ஒயரை மரச் சீலிங்குக்கு மேலே ஓட்டி பேட்டரியோடு இணைத்துவிட்டால், யாராவது கதவை நெம்பும்போது மணி தெருவையே எழுப்பிவிடும். நானும் தேவராஜும் கூட்டாக இதைச் செய்தோம். இருவருக்கும் வீடு லிங்கராஜபுரம், ஒரே வயது, ஓயாத வாய்ச்சண்டை.

என் கருவிப் பையைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம். அதில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தேவராஜ் நச்சரித்து வாங்க வைத்த டெஸ்டர் ஒன்றும் அடியில் கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்கும், ஒயரில் கரண்ட் இருந்தால் பிடிக்குள்ளே சிவப்பாக எரியும். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்கிறவனுக்கு அது எதற்கு என்று நான் அதைத் தொட்டதே இல்லை.

காக்ஸ் டவுனில் எஸ்தர் டீச்சர் என்று ஒருவர், ஓய்வு பெற்றவர், பெரிய பழைய பங்களாவில் தனியாக இருந்தார். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை திருடன் வந்து போயிருந்தான். அவர் வீட்டுக்குத்தான் ஒரு நாள் காலையில் போனோம். போனதுமே சண்டை. தேவராஜ் மர ஸ்க்ரூ டப்பாவை வீட்டிலேயே மறந்து வந்திருந்தான். நான் டீச்சர் முன்னாலேயே கத்திவிட்டேன்.

"ஸ்க்ரூ இல்லாம இன்னாத்துக்குடா வந்த? வாய்ல மாட்டப் போறியா?"

அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். நான் மெயின் சுவிட்சை என் கையாலேயே அணைத்தேன். கருவிப் பையைக் கீழே தரையில் விட்டுவிட்டு, அந்த வீட்டு ஏணியைப் போட்டு, ஹாலின் சீலிங்கில் இருந்த சதுரத் திறப்பு வழியாக மேலே ஏறினேன். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே தவழத்தான் முடியும். திறப்பை ஒட்டிக் குப்புறப் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் வேலையைத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே பையின் வார் அவிழும் சத்தம் கேட்டது. தேவராஜ் வந்துவிட்டான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்க இடமில்லை. வலது கையைத் திறப்பின் வழியே கீழே தொங்கவிட்டு, "டிரில் குடுடா" என்றேன். கையால் சுற்றுகிற அந்த டிரில் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பிடி என் பக்கமாக, பதமாக. பிறகு கிளிப் கேட்டேன், வந்தது. பெரிய ஸ்க்ரூடிரைவர் கேட்டேன், வந்தது. ஒரு வார்த்தை பேச்சில்லை. காலையில் திட்டியதற்குக் கோபம் போல, இருக்கட்டும், வேலை நடந்தால் சரி என்று விட்டுவிட்டேன். எங்கோ தட்டுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பக்கத்து வீட்டில் தச்சு வேலை என்று நினைத்தேன்.

என் ஒயர் போக வேண்டிய வழியில் பழைய லைன் ஒன்று குறுக்கே தொங்கியது. மெயின்தான் அணைந்திருக்கிறதே, வெட்டி ஒதுக்கிவிடலாம் என்று, "பிளேயர் குடு" என்றேன்.

கையில் வந்தது டெஸ்டர்.

"பிளேயர்டா, கேக்கல?" என்று திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மறுபடியும் டெஸ்டரையே வைத்தது அந்தக் கை. மூன்றாவது தடவையும் அதே. இந்தத் தடவை என் விரல்களை அதன்மேல் மடக்கி ஒருமுறை அழுத்திவிட்டு விட்டது. எனக்கு எரிச்சல். இவன் சொன்னதுதான் நடக்க வேண்டும் போல, சரி, வைத்துக் காட்டிவிட்டு நாலு வார்த்தை திட்டலாம் என்று அதை அந்த ஒயரின் உறை உரிந்த இடத்தில் வைத்தேன்.

சிவப்பாக எரிந்தது.

பின்பக்கத்து அவுட்ஹவுஸுக்குத் தனி மீட்டர் என்றும், அந்த லைன்தான் சீலிங் வழியாகப் போகிறது என்றும் பிற்பாடு தெரிந்தது. அப்போது என் இடது கை ஓர் இரும்புக் குழாயைப் பிடித்திருந்தது. என் பிளேயரின் ரப்பர் உறையோ கிழிந்து மாதக் கணக்காகியிருந்தது. வெட்டியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

"தேவா..." என்றேன். முட்டி தேய, உடம்பைத் திருப்பித் திறப்பின் வழியே கீழே பார்த்தேன்.

ஏணி இல்லை. நம்பினால் நம்புங்கள், அந்த ஹால் பன்னிரண்டு அடி உயரம். கீழே ஆளும் இல்லை.

நான் போட்ட கூச்சலில் டீச்சர் பின்கட்டிலிருந்து ஓடி வந்தார். "ஏணியா? பக்கத்து வீட்ல குளவிக் கூடு கலைக்கணும்னு கேட்டாங்கப்பா. நீ ஏறின கையோட குடுத்து அனுப்பினேன். நானும் அங்கதான், நம்ம பின்வாசலப் பாத்தபடி நின்னுட்டிருந்தேன்."

"தேவராஜ் எங்க டீச்சர்?"

"வரலையே. திருடன் பயத்துல முன்கதவ உள்ளாற பூட்டிட்டுல்ல போனேன்!"

அவர் முன்கதவைத் திறந்தார். வாசல் படியில் ஸ்க்ரூ டப்பாவோடு தேவராஜ் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா, அரை மணி நேரமா கதவ தட்டிக்கினு கீறேன், காது செவுடா?"

ஏணி திரும்பி வந்து நான் கீழே இறங்குவதற்குள் சட்டை முழுக்க நனைந்திருந்தது. டீச்சரிடம் எதுவும் சொல்லவில்லை. தனியாக இருக்கிற மனுஷி, மணி மாட்டி தைரியம் கொடுக்க வந்த நாமே பயத்தைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. தேவராஜிடம் மட்டும் சொன்னேன். என்னைத் திட்டப் போகிறான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உயிரோட கீற இல்ல, அது போதும்டா" என்றான். டெஸ்டர் இல்லாமல் அதற்கப்புறம் நான் எந்த ஒயரையும் தொட்டதில்லை. யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வேலையை அன்றைக்கே முடித்தோம். மணியும் கணீரென்று அடித்தது. ஆனால் ஒன்று சொல்லவில்லையே. நான் இறங்கியபோது, திறப்புக்கு நேர் கீழே தரையில், என் பையில் மீதமிருந்த கருவிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. பிளேயர், டேப், சின்ன ஸ்க்ரூடிரைவர், சுத்தி, கடைசியில் அரம். "இந்த வீட்ல அரத்துக்கு வேலையே இல்லியே" என்றான் தேவராஜ். சாயங்காலம் கடைசிக் கதவில் பித்தளைத் தகடு உட்காராமல் அடம்பிடித்தபோது, அந்த அரத்தை எடுத்துத்தான் ராவினேன். அதுவரை மற்றக் கருவிகளை நான் எடுத்ததும் அவை அடுக்கியிருந்த அதே வரிசையில்தான்.

ஒவ்வொரு கருவிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. சுத்திக்கும் அரத்துக்கும் நடுவில் மட்டும் ஒரு சாண் வெறும் தரை. என் பையில் இல்லாத ஏதோ ஒன்றுக்கு விட்டு வைத்த இடம். இந்தத் தொழிலில் விற்கிற எல்லாக் கருவியையும் அதற்கப்புறம் வாங்கிப் பார்த்துவிட்டேன். அங்கே எது இருந்திருக்க வேண்டும் என்றும், அந்த வீட்டில் எந்த வேலையை நான் செய்யாமல் விட்டுவந்தேன் என்றும் இன்றுவரை எனக்குத் தெரியாது.