நாங்கள் நன்றாக இருந்த மாதம்

முதலாம் திகதி விடியற்காலை குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், அப்பா இருந்தார், தங்கச்சி இருந்தாள், நான் இருந்தேன். அம்மா இருக்கவில்லை. அவர் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்து, துவைத்து, கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தார்.

அம்மாவின் இரண்டு வருட ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. சம்பூரில் யுத்தத்தில் பறிபோய் எங்களுக்குத் திரும்பக் கிடைத்த காணியில் வீடு கட்டத்தான் அவர் போனார். சுவர் எழும்பிக் கூரையும் போட்டாயிற்று. பூச்சு வேலை மட்டும் மிச்சம். அதை என் சம்பளத்தில் மெல்ல மெல்லச் செய்துகொள்ளலாம். அதுவரை துறைமுகத்துக்குப் பக்கத்தில் எடுத்திருந்த இந்த வாடகை வீடு போதும். அம்மா இனி வந்துவிடுவார் என்றுதான் மூன்று பேரும் நினைத்திருந்தோம். நினைத்தோமே தவிர, ஒருவரும் வாய்விட்டு அதை அவரிடம் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருப்பவரிடம் வரச் சொன்னால், இங்கே ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துபோவார். எங்கள் சனத்திடம் அப்படி ஒரு வழக்கம்: காய்ச்சல், சண்டை, வேலையில்லாத நாள், இதெல்லாம் ஃபோனில் போகாது. தனியாகக் கிடக்கிற மனிசிக்கு நல்ல சேதி மட்டும்தான் போகும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் வரை போனவன் நான்தான். ஆகவே யாராவது கரும்பலகைக்கு முன்னால் நின்று எதையாவது சொன்னால் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும். அலுவலகத்தில் நடந்த ஒரு பயிற்சிக்குக் கொழும்பிலிருந்து வந்தவர், ஒரு மாதம் நல்ல பழக்கங்களை விடாமல் கடைப்பிடித்துப் பாருங்கள், வீடே மாறிவிடும் என்றார். எனக்கு அம்மாவின் முகம்தான் நினைவில் வந்தது. அவர் வந்து இறங்கும்போது மாறிய வீடு ஒன்றைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"எல்லாரும் ஐஞ்சு மணிக்கு எழும்பவேணும்," என்றேன் அன்று காலை.

"நான் நாலரைக்கே எழும்பிறனான்," என்றார் அப்பா. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை அவருக்கு. "அப்ப இனி அரை மணித்தியாலம் கூடப் படுக்கலாமோ?"

"அப்பா பீடியை விடவேணும். ஒவ்வொரு நாளும் அண்டைக்கு நடந்த நல்லதுக்கு ஒரு நன்றி சொல்லவேணும்."

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டாலும் சொல்லலாம்."

"எங்கட கங்காணிக்கோ? அவனெல்லோ எனக்குச் சொல்லவேணும்!"

தங்கச்சி தேத்தண்ணி சிந்தச் சிரித்தாள். அவளுடைய பங்கு, விடியப் படிப்பதும் ஒரு நேரச் சமையலும். என்னுடையது, ஐந்து மணிக்கு எழும்பி நடப்பது, பத்துப் பக்கம் வாசிப்பது, வீட்டில் கோபப்படாமல் கதைப்பது. இரண்டாம் நாளே அவள் சொன்னாள்: "அண்ணா, உங்கட அலாரத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் எழும்பீட்டுது. நீங்கள்தான் எழும்பேல்ல." கோபப்படாமல் இருக்க நான் பட்ட பாடு!

செய்து முடித்தவர் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட வேண்டும் என்பது அவளுடைய ஏற்பாடு. அது அம்மாவின் அலுமாரி. திறந்தால் மடித்து வைத்த சேலைகளின் வாசம் வரும். அப்பா ஒரு கோடு போட எடுத்த நேரத்தில் நான் அலுவலகத்தில் ஒரு கடிதமே எழுதிவிடுவேன். கோடு போட்ட பிறகும் அவர் திறந்த கதவடியிலேயே நிற்பார். நாங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்போம்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு அம்மாவின் குரல் பதிவு வந்தது. "என்னை மட்டும் விட்டிட்டீங்கள் என்ன? எனக்கும் ஒண்டு தா மகன்."

"நீங்கள் ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் சும்மா இருக்கவேணும் அம்மா. கதிரையில, கையைக் கட்டிக்கொண்டு."

"இந்த வீட்டில எனக்கு எந்தக் கதிரை?" என்று சிரித்தார். மறுநாள் தானே வழி கண்டுபிடித்திருந்தார். உடுப்புக் காயப்போடுகிற மொட்டை மாடியில் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காற்று இரைச்சலோடு ஒரே செய்தி: "இண்டைக்கும் வாளியில இருந்தனான்."

எங்களுக்கு ஏழரை ஆகும்போதுதான் அவருக்கு ஐந்து மணி. அவர் கண் விழிக்கும்போது எங்கள் படங்கள் அங்கே காத்திருக்க வேண்டும் என்று நான் கவனமாக இருந்தேன். உட்துறைமுகக் கரையில் நடக்கும்போது எடுத்த கப்பல் வெளிச்சம், தங்கச்சி அவித்த புட்டு, பீடி இல்லாத அப்பாவின் சட்டைப்பை. ஊருக்குள் திரிகிற மான்கள் பஸ் நிலையத்தடியில் குப்பை மேய்ந்த படத்தை அனுப்பினேன். "மானெல்லாம் மெலிஞ்சு போச்சு. நீங்கள் மெலியேல்லையே?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, நாங்கள் நல்லா இருக்கிறம்."

அது பொய்யும் இல்லை. அப்பாவின் இருமல் குறைந்தது. தங்கச்சிக்குக் கணக்கில் புள்ளி கூடியது. ஆனால் பாதி மாதம் தாண்டியதும் அவளுக்குக் கடும் காய்ச்சல். அப்பா வேலைக்குப் போகாமல் ஈரத்துணியோடு பக்கத்தில் இருந்தார். அனலாகக் கொதித்துக்கொண்டு அவள் "அம்மா, அம்மா" என்று முனகினாள். கண் திறந்தபோது, "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணா," என்றாள். நான் ஃபோனில் இருந்த பழைய புட்டுப் படம் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினேன். "வடிவா அவிஞ்சிருக்கு," என்று பதில் வந்தது.

மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா வீடியோவில் முகம் பார்த்துக் கதைத்தார். நாங்கள் குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். வெள்ளைக் கோடுகளைக் காட்டினேன். கோடுகளுக்குப் பக்கத்தில் அம்மாவுக்குத் தன் சேலைகளும் தெரிந்திருக்கும்.

"பீடியையும் விட்டிட்டாரோ?"

"ஓம் அம்மா."

"நான் எத்தினை வருசமாச் சொல்லியும் விடாத மனிசன்," என்று சிரித்தார். பிறகு, "அப்ப நான் செய்தது சரிதான்," என்றார்.

"என்ன செய்தனீங்கள்?"

"இந்த வீட்டு மேடம் நேத்துக் கேட்டவ. திரும்பவும் கையெழுத்து வச்சிட்டன். ஆராவது ஒராள் வாங்கோ எண்டு சொன்னா வந்திடுவம் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் நல்லா இருக்கிறம், நல்லா இருக்கிறம் எண்டே சொன்னீங்கள். சமையல் நடக்குது, படிப்பு நடக்குது. நான் வந்து என்னத்தைச் செய்யிறது? இங்க இருந்தா வீட்டுப் பூச்சையாவது முடிக்கலாம்."

"எனக்குக் காய்ச்சல் வந்தது அம்மா," என்று தங்கச்சி வெடித்தாள்.

"எப்ப?"

"புட்டு வடிவா இருக்கெண்டு சொன்னீங்களே, அண்டைக்கு."

அம்மா சேலைத் தலைப்பைத் தேடுவதுபோலத் தோளைத் தடவினார். அங்கே அவர் போட்டிருந்தது கவுன். "வாளியில நானும் ரெண்டு மூண்டு நாள்தான் இருந்தனான்," என்றார். "பிறகு முழங்கால் வீங்கி மடிக்க ஏலாமப் போச்சு. நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டு சொல்லேல்ல."

ஃபோனுக்கு முன்னால் இருமுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத அப்பா என் கையிலிருந்து அதை வாங்கினார். முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்ததில் அவருடைய நெற்றி மட்டும்தான் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

"நீ வாவன்," என்றார்.

"இதை நேத்துச் சொல்லியிருக்கலாமெல்லோ," என்றார் அம்மா. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "மேடம் கூப்பிடுறா. பழக்கத்தை விட்டிராதேங்கோ என்ன," என்று சொல்லிப் போனார்.

நாங்கள் விடவில்லை. ஐந்து மணிக்கு எழும்புகிறேன், நடக்கிறேன். அப்பா பீடி தொடவில்லை. இப்போது படத்தோடு, "எப்ப வருவீங்கள்?" என்றும் ஒவ்வொரு நாளும் கேட்கிறோம். அவரும் முழங்காலைப் பற்றி உள்ளதைச் சொல்கிறார். ஆனால் வைத்த கையெழுத்து வைத்ததுதான். அந்த நல்ல மாதத்துக்காக எங்கள் வீடு கொடுத்தது இன்னும் இரண்டு வருடம்.