சராசரி முகம்

முகங்களைக் கணக்காக்குவது எங்கள் வேலை. ஆயிரக்கணக்கான முகங்களைக் கூட்டி வகுத்தால் ஒரு சராசரி முகம் வரும். ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்பதைத்தான் மூளை பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. க்ரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இதையே கட்டிக்கொண்டு மாரடித்தவர் ஹார்மன். கூடவே நானும்.

அவர் மனைவி ஃபென்னாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, முகங்கள் மட்டும் திரும்பவில்லை. காலையில் காபியோடு போய் நின்றால் புருஷனைக் கண்டே மிரள்வாள். குரல் கேட்டால்தான் ஆள் தெரியும்.

“என் வீட்டுக்குள்ளயே தொண்டையைச் செருமிட்டுத்தான் நுழையறேன்” என்றார் ஒருநாள், கோட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல்.

கேலிச்சித்திரம் வரைகிறவர்கள் செய்வது விலகலைப் பெருக்குவதுதான். தன் முகத்தையும் அப்படிப் பெருக்கிக் காட்டினால் அவளுக்குப் பிடிபடும் என்று ஹார்மன் நினைத்தார். இரண்டு மடங்கு பெருக்கினார், மூன்று மடங்கு பெருக்கினார். அதே மழுங்கிய மூஞ்சிதான் வந்தது. தான் யாருமே இல்லை என்று கணக்கே சொல்லிவிட்டதாகப் புலம்பினார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த மூக்கை வைத்துக்கொண்டு எந்த மனிதன் சராசரியாக இருக்க முடியும்?

தோண்டியபோது எங்கள் லட்சணம் தெரிந்தது. தினமும் காலையில் ஆய்வகத்தில் மற்றவர்களைப் படமெடுக்கும் முன் விளக்கின் வெளிச்சத்தைச் சரிபார்க்கக் கேமரா முன் உட்காருவது ஹார்மன்தான். அந்தப் படங்களை யாரும் நீக்கவில்லை. வருடக்கணக்கில் அவையும் கூட்டலில் சேர்ந்து, சராசரியே அவர் முகமாகியிருந்தது. அவரிலிருந்து அவரையே கழித்தால் என்ன மிஞ்சும்? அந்தச் சராசரியை நம்பி எழுதிய பழைய கட்டுரைகளெல்லாம் பாழ். அதற்கு அழக்கூட எங்களுக்குச் சக்தியில்லை.

அவர் படங்களை நீக்கிவிட்டு மறுபடி பெருக்கினோம். தொங்கும் காதும் கோணல் மூக்குமாக ஒரு முகம் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனோம். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஹார்மன் பேசக்கூடாது என்று ஏற்பாடு. அவர் ஃபென்னாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தார். நான் படத்தை நீட்டினேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, என் ஹார்மன்! எவ்வளவு நாளாச்சு இவன் முகத்தப் பாத்து.”

விரலால் அந்த மூக்கைத் தடவினாள். பிறகு பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்களும் அவன்கூட வேலை பாக்கறீங்களா? அவன் எப்ப வருவான்?”

“நான்தான், ஃபென்னா” என்றார் ஹார்மன்.

குரலைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துட்டியா” என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.