வண்டிக்குப் போட்ட வழி

எங்கள் தெருவில் ஸ்கூட்டருக்கென்று தனி அறை கட்டிய ஒரே மனிதர் வேணுதான். சர்க்கார் ஜீப் ஓட்டியவர். அதிகாரியை இறக்கிவிட்டு நிழலில் நிற்கிற நேரமெல்லாம் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே இருப்பார் என்று அவருடைய ஆபீஸ்காரர்களே கிண்டல் செய்வார்கள். வீட்டுக்கு வந்தால் ஸ்கூட்டரைத் துடைப்பார். அவர் மனைவி ஆதிலட்சுமி அதிகம் பேசாதவள். பேசினாலும் பாதியை விழுங்கிவிடுவாள். நான் அவர்களுக்கு நேர் எதிர் வீடு. அந்த வீட்டில் நடந்ததில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி ஆதிலட்சுமியே பிறகு சொன்னது.

மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகு வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ்கள் வரப்போகின்றன என்று பேச்சு கிளம்பி, வேர்க்கடலை போட்ட கொல்லையெல்லாம் மனையானது. எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் கிராமத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து முதன்முதலாகச் சொந்த வீடு கட்டுகிறவர்கள். இப்படிப்பட்ட தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டைத் தூக்கி நிறுத்துகிற அடிமேடையை இங்கே பேஸ்மட்டம் என்போம். பக்கத்து வீட்டுப் பேஸ்மட்டத்தைவிட நம்முடையது ஒரு கல்லாவது உயர்ந்திருக்க வேண்டும். கேட்டால், ரோடு போடப் போட ஏறிவிடும், மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்பார்கள். அது உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரன் நம்மைக் குனிந்து பார்த்துவிடக் கூடாது என்பது அதைவிட உண்மை.

பக்கத்து மனையில் சகாதேவன் வாத்தியார் இடுப்பு உயரத்துக்குப் பேஸ்மட்டம் போட்டிருந்தார். வேணு விடுவாரா? மார்பு உயரத்துக்கு ஏற்றினார். மனையின் முகப்பு குறுகல் என்பதால் வாசல் படிகள் ஏணியைச் சாய்த்து வைத்ததுபோல் செங்குத்தாக வந்து விழுந்தன. கட்டிக்கொண்டிருந்தபோதே ஆதிலட்சுமி குடத்தோடு ஏறிப் பார்த்துவிட்டு மேஸ்திரி மண்ணாங்கட்டியிடம் சொல்லியிருக்கிறாள்.

"படி ஒசரத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா. முட்டி இழுக்குது."

வேணு சிரித்துவிட்டார். "ஏன், நீ இன்னா கெழவியா? அவ சொல்றான்னு கொறைக்காத மேஸ்திரி. பாக்கறவன் அண்ணாந்து பாக்கணும்."

ஆனால் ஸ்கூட்டர் விஷயம் வேறு. அதைத் தெருவில் நிறுத்த அவருக்கு மனசு வராது. வீட்டின் பக்கவாட்டுச் சந்து முழுக்க, தெருவிலிருந்து பின்பக்கம் வரை, நீளமாகச் சிமெண்டுச் சரிவு போடச் சொன்னார். அது முடிகிற இடத்தில், வீட்டுத் தளத்தின் மட்டத்துக்கே, வண்டி அறை. மண்ணாங்கட்டி முதலில் போட்ட சரிவு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஏற்றும்போது வண்டியின் அடி தட்டும் என்று அதை உடைக்கச் சொல்லி மறுபடியும் போடவைத்தார். உட்கார்ந்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, கையால் தடவிப் பார்த்து ஒப்புக்கொண்டார். அந்த அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவு வைக்கவில்லை. பெட்ரோல் நாற்றம் வீட்டுக்குள் வரக் கூடாதாம். கக்கூசை மட்டும் ஊர் வழக்கப்படி தோட்டத்து மூலையில், சமையலறையிலிருந்து படி இறங்கிப் போகிற மாதிரி தள்ளி வைத்தார். அதன் கதவு, ஒருக்களித்துக்கொண்டு நுழைகிற அகலம்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் வண்டி அறையைத்தான் முதலில் காட்டினார்.

தொண்ணூற்றொன்பதில், மகள் அருணாதேவியைச் செய்யாறில் கட்டிக்கொடுத்த சில மாதங்களில், ஆதிலட்சுமிக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம். பேச்சு தப்பித்தது, காலும் கையும் தப்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். அந்தப் படியில் நாலு பேர் சேர்ந்து ஏற முடியாது. ஒருவர் பின்னால் நகர, நாற்காலி சாய, அவளுடைய புடவை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இடது கை நாற்காலியைப் பிடித்திருந்தது, இழுத்துவிட அவளுக்கு வேறு கை இல்லை. வேடிக்கை பார்த்தது தெருவே. எனக்கே தரையைப் பார்க்கத் தோன்றியது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு வாசல் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து ஒரு சக்கர நாற்காலி வாங்கித் தந்தார்கள். அது எந்தக் கதவிலும் நுழையவில்லை, எந்தப் படியும் அதற்கு ஒத்துவரவில்லை. மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்து மேலே துண்டு காயப்போட்டார்கள். அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று தெருவே மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்து அரோகரா போட்டபோது, ஆதிலட்சுமி கீழே கூடத்தில் படுத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறாள்.

"நீங்க போங்க மாடிக்கி" என்று வேணுவை அனுப்பியதும் அவள்தான்.

தீபம்கூடப் பெரிதில்லை. தினமும் இருக்கிற கஷ்டம் கக்கூசுதான். வேணு அவளை இரண்டு கையில் ஏந்திக்கொண்டு பின்படி இறங்குவார். உட்காரவைத்துவிட்டுக் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்துவிடுவாள். "திரும்பிக்கோங்க" என்பாள். அவர் திரும்பிக்கொள்வார். அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர்கள்தான், இருந்தாலும் அந்தக் கதவடியில் இரண்டு பேருக்கும் கூசியது. அவர் பணியில் இருக்கிற நேரம் அவசரம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? அதற்கு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை விட்டாள். உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. மோரைக் கொடுத்தால் வயிறு மந்தமாக இருக்கிறது என்பாள். நான் ஒருநாள் இளநீர் வெட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்க அக்கா என்றாள். மறுநாள் போனபோது அது அப்படியே ஈ மொய்த்துக் கிடந்தது.

ரெண்டாயிரத்தில் அருணாதேவி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். தாய்வீட்டுக்கு வந்தால் அம்மா பார்த்துக்கொள்வாள் என்றுதானே பெண்கள் வருகிறார்கள். இங்கே வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த வாசல் படியில் பக்கவாட்டாக, சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறியவள், உள்ளே வந்ததும் அம்மாவைத் தூக்கக் குனிந்தாள். ஆதிலட்சுமி துடித்துப்போனாள்.

"ஐயோ, என்னைத் தொடாத! வயித்துல புள்ளய வச்சிக்கினு..."

அன்றிலிருந்து உதட்டை நனைப்பதும் நின்றது. நாலாம் நாள் குளிர் ஜுரம் வந்து, நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீர்த் தாரையில் கிருமி, தண்ணீரே உடம்பில் இல்லை, இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டரம்மா சத்தம் போட்டார்.

"ஏம்மா, வீட்ல தண்ணி குடுக்க ஆள் இல்லையா?"

வேணுவுக்கு முகம் செத்துப்போனது. "நான் குடுத்துக்கினுதான் இருக்கேங்க டாக்டர். இவதான்..." என்று ஆரம்பித்தவர் அவளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பிய அன்று ஆட்டோ வாசலில் நின்றது. வழக்கம்போல் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. சகாதேவன் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஆதிலட்சுமி ஆட்டோ கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். என்னைத் தூக்காதீங்க."

வேணு குனிந்து பல்லைக் கடித்தார். "தெருவே பாக்குது. எறங்கு. மானம் போவுது."

"உங்க மானமா, எம் மானமா?"

ஆதிலட்சுமி குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"அந்தச் சக்கர நாற்காலிய எடுத்தாரச் சொல்லுங்க. வண்டி போற வழியில என்னைத் தள்ளிக்கினு போங்க."

"அது வண்டி ரூமுக்குப் போற வழிடி. அங்க இருந்து வீட்டுக்குள்ள வழி ஏது?"

"தெரியும். தள்ளுங்க."

அருணாதேவி துண்டை உதறிவிட்டு நாற்காலியைக் கொடுக்க, ஒருவர் அதை வாங்கிக் கீழே விரித்தார். நானும் வேணுவுமாக அவளை ஆட்டோவிலிருந்து அப்படியே அதில் மாற்றினோம். வேணு பின்னால் நின்று, பாரம் இழுக்கிற மாதிரி காலை ஊன்றித் தள்ளினார். அவ்வளவு தேவைப்படவில்லை. நாற்காலி நோகாமல் ஏறியது. பாதிச் சந்தில் அவர் ஒரு கையை எடுத்துவிட்டார், அப்போதும் ஏறியது. எங்கேயும் தட்டவில்லை, குலுங்கவில்லை. அவள் புடவை மடிப்பு கலையவில்லை. மேலே வண்டி அறையில், துடைத்துப் பளபளவென்று நின்ற ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். எதிரே கதவில்லாத சுவர். அந்தப் பக்கம் அவளுடைய கூடம்.

ஆதிலட்சுமி அந்தச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெனம் சாயந்தரம் நீங்க வண்டிய ஏத்தற சத்தம் கேக்கும். ஒரு மூச்சு வாங்க மாட்டீங்க" என்றாள். "அடி தட்டக் கூடாதுன்னு ஒருதரம் ஒடைச்சிப் போட்டீங்க. நான் அப்பவும் இங்கதாங்க இருந்தேன். எனக்கு முட்டி வலிக்குதுன்னு சொன்னேன்."

வேணு ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதைப் பிடித்திருப்பதே கூசியதுபோல் கையை எடுத்துவிட்டார். சந்து வாசலில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். வேணு அழுதுவிட்டார். துடைத்துக்கொள்ள வண்டித் துணியைத்தான் எடுத்தார், அதையும் கீழே போட்டார்.

மறுநாள் காலையிலேயே மண்ணாங்கட்டி கடப்பாரையோடு வந்தார். அந்த ஒரு ராத்திரியும் ஆதிலட்சுமிக்கு வண்டி அறையிலேயே கட்டில் போட்டு, வேணு தரையில் படுத்திருந்தார். ஸ்கூட்டர் தெரு வேப்பமரத்தடியில், சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது.

சுவரை உடைத்துச் சக்கர நாற்காலி தாராளமாகப் போகிற அகலத்துக்கு வாசல் வைத்தார்கள். வண்டி அறையைப் பாதி தடுத்துக் கக்கூஸ் வந்தது. நாற்காலி உயரத்துக்கு உட்காருகிற கோப்பை, இடது கைக்கு எட்டுகிற இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முழங்கையால் தள்ளித் திறப்பார்களே அந்த மாதிரிக் குழாய், உட்கார்ந்தபடி போடுகிற உயரத்தில் லைட் சுவிட்சு. எல்லாவற்றையும் வேணு ஆதிலட்சுமியைக் கேட்டுக் கேட்டுச் செய்தார். ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார்.

நிலைப்படி இல்லாமல் கதவு வைப்பதற்குத்தான் மண்ணாங்கட்டி ஒப்பவில்லை.

"நெலப்படி இல்லாத வாசலாங்க? வெள்ளிக்கெழம மஞ்சக் குங்குமம் எங்கம்மா வெப்பீங்க?"

"பக்கத்துல செவுத்துல தடவிக்கலாம்" என்றாள் ஆதிலட்சுமி. "லட்சுமி தடுக்கி வுழாம வரட்டும்."

சகாதேவன் வாத்தியார் மதில்மேல் கையை ஊன்றி, "முன்வாசல வுட்டுட்டு இனிமே கொட்டாய் வழியாவா சார் வரப்போறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். வாத்தியாருக்கு முட்டி தேய்ந்துபோன பிறகு, பேப்பர் இரவல் வாங்க அதே சரிவில்தான் வந்தார், அதுவும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து. அதற்கு முன்பே அருணாதேவி அந்த வழியில்தான் பிரசவத்துக்குப் போனாள், குழந்தையோடு அந்த வழியில்தான் வந்தாள். காஸ் சிலிண்டர்காரர் அந்த வழியில் உருட்டிக்கொண்டு வந்தார். முன்வாசல் படியில் காக்கைதான் உட்கார்ந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது சிமெண்டு காய்ந்து, அந்தப் புதுக் கக்கூசை முதன்முதலாகப் பயன்படுத்திய நாளைப் பற்றி. நானும் அங்கே இருந்தேன். ஆதிலட்சுமி இடது கையால் சக்கரத்தை உந்தி, இடது காலால் தரையைத் தள்ளி, கோணல்மாணலாகப் போனாள். வேணு பழக்கதோஷத்தில் பின்னாலேயே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றார்.

"இன்னாத்துக்கு நிக்கறீங்க? போங்க அந்தாண்ட."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. வேணு கூடத்துக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். மூடிய கதவைப் பார்க்கவும் முடியாமல், என்னைப் பார்க்கவும் முடியாமல், தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குழாய்ச் சத்தம் நின்று, தாழ்ப்பாள் விலகி, ஆதிலட்சுமி வெளியே வந்தாள். முகமெல்லாம் ஈரம். முகம் கழுவியிருந்தாள்.

"குடிக்கத் தண்ணி குடுங்க."

அவர் அவசரமாக எழுந்து டம்ளரை எடுத்தார்.

"சொம்புல."

சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாந்து, கழுத்திலும் ரவிக்கையிலும் வழிய வழிய, நடுவில் நிறுத்தாமல் குடித்தாள். காலிச் சொம்பை அவரிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு."

வேணு தலை நிமிராமலேயே வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.